பருந்தின் வீழ்வு யாருக்குப் பொருந்தும்? பாம்புக் கழுகும் பறக்கும் தவளையும்

கேள்வி இதுதான்: மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரே மரத்தில் கொண்டைப் பாம்புக் கழுகும் இருக்கிறது, மலபார் பறக்கும் தவளையும் இருக்கிறது. இரண்டும் காற்றில் போகின்றன, இரண்டும் கிளையை விடாமல் பிடிக்கின்றன, இரண்டும் உயிருள்ள இரையைத் தின்கின்றன. இந்த ஒற்றுமை உண்மையா, மேலோட்டமானதா?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதில்லை. நூற்பாக்கள் ஒன்றையடுத்து ஒன்று அமையும் விதத்துக்கு நன்னூல் நான்கு உவமை சொல்கிறது: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. நடுவில் இருப்பதைத் தாண்டிப் போய் இன்னொன்றோடு சேர்வது தவளை. உயரத்திலிருந்து இறங்கி வேண்டியதை மட்டும் கவ்விக்கொண்டு போவது பருந்து. வயல் தவளைக்கும் ஊர்ப் பருந்துக்கும் இது அச்சாகப் பொருந்தும். மழைக்காட்டுக்குள் போனால் பாத்திரங்கள் இடம் மாறிவிடுகின்றன. அங்கே உயரத்திலிருந்து விழுவதைக் கலையாக வைத்திருப்பது தவளை. பாம்புக் கழுகோ வேட்டைக்காக வானத்திலிருந்து பாய்வது குறைவு. ஓடைக்கரைக் கிளையிலோ காட்டோரத்திலோ மணிக்கணக்கில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்து, சட்டென்று கொஞ்ச தூரம் இறங்கிப் பிடிக்கும்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். கொண்டைப் பாம்புக் கழுகு 55 முதல் 75 செ.மீ. நீளம் வரை இருக்கும். அடர்பழுப்பு உடல், பிடரியில் விசிறிபோல் விரியும் கருப்பு வெள்ளைக் கொண்டை, அலகின் அடியிலும் கண்ணைச் சுற்றியும் இறகில்லாத மஞ்சள் தோல். மலபார் பறக்கும் தவளை சுமார் 10 செ.மீ.; பெண் பெரியது, ஆண் சிறியது. முதுகு இலைப் பச்சை, வயிறு மஞ்சள், விரல்களுக்கு இடையே உள்ள சவ்வு செம்மஞ்சள். உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சவ்வு மடிந்து மறைந்துவிடும், பச்சை மட்டுமே தெரியும். முன்னங்கை ஓரத்தில் தோல் மடிப்பும் குதிகாலில் முக்கோணமாக ஒரு தோல் நீட்சியும் இருக்கும்.

இந்தத் தவளைக்கு 1870இல் அறிவியல் பெயர் வைத்தவர் தாமஸ் ஜெர்டன். மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்தவர், பறவைகளில்தான் பெரிய பெயர். அவர் பெயரைத் தாங்கிய கொன்றுண்ணிப் பறவை ஒன்றும் இதே மலைகளில் உண்டு: ஜெர்டன் பாசா. அதன் உணவுப் பட்டியலில் பூச்சி, ஓணானோடு தவளையும் உண்டு. இதை ஒரு வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பறத்தல் விஷயத்துக்கு வருவோம். கழுகு உயரத்தை இலவசமாக வாங்குகிறது. காலை 9, 10 மணிக்கு வெயில் ஏறி மலைச்சரிவு சூடானதும், சூடான காற்று தூண்போல மேலே எழும். கழுகு இறக்கையை அடிக்காமல் அந்தத் தூணுக்குள் வட்டமிடும். காற்று மேலேறும் வேகம், தான் இறங்கும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்வரை உயர்ந்துகொண்டே போகும். பிறகு அந்த உயரத்தைச் செலவழித்து அடுத்த தூணுக்குச் சறுக்கும். இந்த மாதிரிப் பெரிய பறவைகள் 1 மீட்டர் இறங்கும் நேரத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் முன்னே போய்விடும். இறக்கை நுனி இறகுகள் கைவிரல்போல் பிரிந்து நிற்பது அழகுக்கு இல்லை. நுனியில் உருவாகும் காற்றுச் சுழலைப் பல சின்னச் சுழல்களாக உடைத்து, அதனால் வரும் இழுவையைக் குறைக்கத்தான்.

தவளைக்கு அந்த வழி இல்லை. இறக்கையை அடிக்க முடியாது, காற்றுத் தூணில் ஏறவும் முடியாது. அது காற்றில் செய்வது ஒன்றே ஒன்று: விழுவதை மெதுவாக்கித் திசை கொடுப்பது. கணக்கு எளிது. விழும் பொருள் ஒரு கட்டத்தில் நிலையான வேகத்தை அடையும். அந்த வேகம் பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். எடை மாறாமல் பரப்பு இரண்டு மடங்கானால் வேகம் சுமார் 70 சதவீதமாகக் குறையும். பாதியாக்க வேண்டுமென்றால் பரப்பு நான்கு மடங்காக வேண்டும். சவ்வு, கை ஓரத் தோல், குதிகால் நீட்சி என்று தவளை கிடைத்த இடத்திலெல்லாம் பரப்பைச் சேர்த்து வைத்திருப்பது இதனால்தான். 1850களில் போர்னியோத் தீவின் சரவாக்கில் இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸிடம் ஒரு சீனத் தொழிலாளி கொண்டுவந்து கொடுத்த போர்னியோ பறக்கும் தவளைக்கு உடல் 4 அங்குலம். நான்கு பாதங்களையும் விரித்தால் சவ்வு மட்டும் 12 சதுர அங்குலம் என்று அவர் கணக்கிட்டார். மலபார் தவளை அதே பேரினம். 9 முதல் 12 மீட்டர் வரை சறுக்கும் என்று பதிவுகள் சொல்கின்றன, அதாவது உடல் நீளத்தைப்போல் நூறு மடங்குக்கு அருகில்.

‘பறக்கும்’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. சறுக்கும் பாதை கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்குள் இருந்தால் சறுக்கல், அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பாராசூட் இறக்கம் என்று பிரிப்பது வழக்கம். இந்தத் தவளை அந்த எல்லைக்கோட்டை ஒட்டித்தான் போகிறது. தூரத்தை மட்டும் வைத்து இதைக் கழுகோடு ஒப்பிடுவது தவறு என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1990இல் ஷரோன் எமர்சன், மிமி கோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பறக்கும் தவளை வடிவில் மாதிரிகள் செய்து, காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதத்தை விரிக்கும் அந்தத் தனி நிலையும் பெரிய சவ்வும் கிடைமட்டத் தூரத்தைக் கூட்டவில்லை, குறைத்தன. கூட்டியது திரும்பும் திறனை. இது புரிந்தால் தவளையின் நோக்கம் புரியும். கிளைகள் நெருங்கிய காட்டில், இருட்டில் குதிக்கிற பிராணிக்கு எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைவிட, எதிரே வரும் கிளையில் மோதாமல் வளைந்து போய்க் குறித்த இலையில் இறங்குவதுதான் முக்கியம். ஒரு பாதத்தைக் கொஞ்சம் மடக்கினால் அந்தப் பக்கம் தூக்குவிசை குறையும், உடல் அந்தப் பக்கம் சாயும், திரும்பும்.

இறங்கிய பிறகு கணக்கு தீர்க்க வேண்டும். கழுகு மறுபடி வெயிலிடம் உயரத்தை வாங்கிக்கொள்ளும். தவளை அவ்வளவு உயரத்தையும் கையும் காலும் வைத்து ஏறித்தான் ஆக வேண்டும்.

எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகப் பிடித்த இடம் பிடிப்பு. கழுகின் காலில் மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. ஒவ்வொரு விரலையும் மடக்கும் தசைநாணின் அடிப்பக்கத்தில் சிறுசிறு முண்டுகள் இருக்கின்றன. அந்த நாண் ஓடும் உறையின் உட்புறத்தில் குறுக்கு வரிகள். விரல் இறுகும்போது முண்டு வரியில் மாட்டிக்கொள்கிறது, ஒயரைக் கட்டப் பயன்படுத்தும் கேபிள் டையின் பல் மாட்டுவதுபோல. மாட்டியபின் தசைக்கு வேலை குறைவு. நெளிகிற பாம்பைப் பிடித்துக்கொண்டே பறக்க முடியும். பறவை உட்கார்ந்தாலே உடல் எடையில் முழங்கால் மடங்கி விரல் தானாக மூடிவிடும் என்று ஒரு விளக்கம் நெடுநாளாகச் சுற்றுகிறது. 2012இல் வெளியான ஆய்வொன்றில் ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளை வைத்துப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. எல்லாப் பறவைக்கும் அதைப் பொதுவாகச் சொல்லாமல் இருப்பது நல்லது.

தவளையிடம் நகமும் இல்லை, பூட்டும் இல்லை. முன்கையில் நான்கு விரல், பின்காலில் ஐந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வட்டத் தட்டு. அந்தத் தட்டின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் தேன்கூடுபோல் அறுகோணச் செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 10 மைக்ரான். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சுமார் 1 மைக்ரான் அகல வாய்க்கால். மனிதத் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த வாய்க்கால்களில் சளி ஓடுகிறது. இலைமேல் தட்டை வைத்ததும் அதிகப்படியான நீர் வாய்க்கால் வழியே வடிந்துவிடும்; மிஞ்சும் மெல்லிய ஈரப்படலம் தட்டையும் இலையையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும். ஈரமான கண்ணாடித் துண்டு இரண்டு ஒட்டிக்கொள்வது போன்ற விசை அது. செல்லின் தலை ஓரளவு இலையை நேரடியாகவே தொடுவதால் உராய்வும் கிடைக்கிறது. கடைசி இரண்டு விரல் எலும்புக்கும் நடுவே ஒரு குருத்தெலும்புத் துண்டு கூடுதலாக இருக்கிறது. கிளை எப்படிச் சாய்ந்தாலும் தட்டு அதற்கேற்பத் தட்டையாகப் படிய அது உதவுகிறது.

விடுவிப்பதும் அழகு. செல்லோடேப்பை ஓரத்திலிருந்து தூக்கினால் சுலபமாக உரியும், படுக்கையாக இழுத்தால் உரியாது. தவளை நடக்கும்போது தட்டைப் பின் ஓரத்திலிருந்து உரித்து எடுக்கும். தலைகீழாகத் தொங்க வேண்டி வந்தால் கால்களை உடலிலிருந்து வெளிப்பக்கம் நன்றாக அகட்டிக்கொள்ளும், இழுப்பு எப்போதும் படுக்கையாகவே இருக்கட்டும் என்று.

இரண்டுமே தோற்கும் இடம் உண்டு. வழவழப்பான செங்குத்துச் சுவரில் கழுகுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை, தவளைக்கு அது வசதி. தட்டு முழுக்க நீரில் மூழ்கினால் காற்றும் நீரும் சந்திக்கும் விளிம்பே இல்லாமல் போகும், அந்த விளிம்புதான் இழுவிசையைத் தருவது; அதனால் நீர் கொட்டும் பாறையில் சாதாரண மரத்தவளை வழுக்கும். தூசும் எதிரி. ஆனால் தவளை இரண்டு மூன்று அடி எடுத்து வைத்தால் போதும், சளி சுரந்து, தட்டு லேசாக வழுக்கித் தூசைக் கழுவிக்கொண்டுவிடும். மேடு பள்ளம் மிகுந்த சொரசொரப்பான பரப்பில் ஈரப்படலம் பள்ளங்களை நிரப்பாததால் பிடி குறையும், அங்கே கழுகின் நகம்தான் ராஜா.

கண்ணிலும் இதே மாதிரி எதிர்த்திசை. கழுகு, பருந்து இனங்களின் விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் குழி ஒரு கண்ணுக்கு இரண்டு, மனிதனுக்கு ஒன்றுதான். பெரிய கழுகுகளின் கூர்மை நம்மைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்று அளந்திருக்கிறார்கள். எட்டு மடங்கு என்பதெல்லாம் மிகை. விலையும் உண்டு: கண் மண்டைக்குள் பெரிதாக அடைந்திருப்பதால் விழியை உருட்ட இடமில்லை, தலையைத்தான் திருப்ப வேண்டும். தவளைக் கண்ணுக்கு அசையாத பொருள் கிட்டத்தட்ட இல்லாத பொருள். 1959இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வு காட்டியபடி, அதன் விழித்திரையே ‘சின்னதாக, கருப்பாக, நகர்கிறதா’ என்று வடிகட்டித்தான் மூளைக்கு அனுப்புகிறது. சுற்றிச் செத்த ஈ குவிந்து கிடந்தாலும் பட்டினி கிடக்கும். ஆனால் மங்கல் ஒளியில் வேலை செய்யும் குச்சிச் செல்களில் தவளைக்கு இரண்டு வகை, நமக்கு ஒன்று. அதனால் நமக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும் இருட்டிலும் அதற்கு நிறம் தெரியும். விழுங்கும்போது கண் இரண்டையும் உள்ளே இழுத்து இரையைத் தொண்டைக்குத் தள்ளும். பார்ப்பதற்கு ஒரு மாதிரிதான் இருக்கும், ஆனால் கண்ணை வைத்து அப்படி ஒரு வேலையைக் கழுகால் செய்ய முடியாது.

எலும்பில் எதிர்பாராத ஒரு ஒற்றுமை. இரண்டிலும் வால் முள்ளெலும்புகள் ஒன்றாக ஒட்டி ஒரே துண்டாகிவிட்டன. கழுகில் அது வாலிறகைத் தாங்கும் குட்டை எலும்பு, தவளையில் இடுப்புக்குள் ஓடும் நீளக் கம்பி. இரண்டிலும் காலில் கூடுதலாக ஒரு நெம்புகோல்போல் நீண்ட பகுதி உண்டு. பறவைக்கு முழங்கால் பின்பக்கம் மடங்குகிறது என்று நாம் நினைப்பது அதன் கணுக்காலைத்தான். தவளையிலும் கணுக்கால் எலும்புகள்தான் நீண்டிருக்கின்றன. தனித்தனி வழியில் வந்து, குதித்துக் கிளம்பவும் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்கவும் ஒரே மாதிரித் தீர்வு.

ஆனால் எல்லா வேற்றுமைக்கும் வேர் தோலில் இருக்கிறது. கழுகின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும், உடலுக்குள் இருக்கும் நீரைச் செதிலும் இறகும் காக்கும். மழை நின்றதும் உச்சிக் கிளையில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு நிற்கும். தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது, அடிவயிற்றுத் தோலால் நீர் குடிக்கிறது, காய்ந்தால் செத்துப்போகும். கழுகுக்கு வேலை நேரம் வெயில், தவளைக்கு ஈரமான இரவு. ஒரே மரமாக இருந்தும் இரண்டும் பெரும்பாலும் சந்திக்காததற்கு இதுதான் காரணம். பச்சை நிறம்கூடத் தோலின் ஓர் ஏற்பாடு: கீழே ஒளியைச் சிதறடித்து நீலமாகக் காட்டும் செல்கள், மேலே மஞ்சள் நிறமிச் செல்கள், இரண்டும் சேர்ந்தால் பச்சை. சாராயத்தில் பதப்படுத்தினால் மஞ்சள் கரைந்துபோய்த் தவளை நீலமாகிவிடும். அருங்காட்சியக ஜாடியில் நீலத் தவளை கண்டால் புது இனம் என்று எண்ண வேண்டாம்.

குஞ்சு வளர்ப்பில் ஒன்று எல்லாவற்றையும் ஒரே முட்டையில் போடுகிறது, மற்றது பங்கு பிரிக்கிறது. பாம்புக் கழுகு வழக்கமாக ஒரு முட்டை இடும், அரிதாக இரண்டு. பெண் அடைகாக்கும், ஆண் இரை தேடும். 41 நாள் அளவில் பொரியும், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். தமிழகத்தில் கூடு கட்டும் மரங்களில் தான்றியும் ஒன்று. தவளை தென்மேற்குப் பருவமழையில், தேங்கிய நீருக்கு மேலே தொங்கும் கிளையில், பெண் சுரக்கும் திரவத்தைப் பின்னங்காலால் அடித்து நுரைக்கூடு செய்யும், முட்டையை அடிக்கும் சமையற்காரர் மாதிரி இல்லை, தயிர் கடைவது மாதிரி. நுரையின் வெளிப்புறம் காய்ந்து பொருக்காகும், உள்ளே ஈரம் நிற்கும். குடகிலும் வயநாட்டிலும் உள்ள சிறிய உறவினம் ஒன்று இலையையே மடித்து நுரைக்கு உறை போட்டுவிடும். பொரிந்த தலைப்பிரட்டைகள் நுரை கரையக் கரைய நேரே கீழே நீரில் விழும். இங்கே காரியம் கெடுவது பெரும்பாலும் மழை பொய்க்கும்போதுதான். நடுவில் வெயில் தொடர்ந்து அடித்தால் பொருக்கு கெட்டியாகி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கீழே குட்டை வற்றியிருந்தால் தரையில் விழும். ஈக்கள் நுரையில் முட்டையிட்டுப் புழுக்கள் தவளை முட்டைகளைத் தின்பதும் உண்டு.

கழுகு தவளையைத் தின்னுமா? பாம்புக் கழுகின் உணவில் பாம்பு, பல்லியினம், தவளை எல்லாம் உண்டு. ஆனால் பகலில் இலைக்கடியில் கால் மடக்கி ஒட்டிக் கிடக்கும் பச்சைத் தவளை அதன் கண்ணுக்கு எளிதில் சிக்காது; அதைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள் பச்சைப் பாம்பும் விரியனும். அந்தப் பாம்புகளைக் கழுகு தின்கிறது. தவளைக்குக் கழுகு எதிரியின் எதிரி, எப்போதாவது எதிரி.

பார்க்க வேண்டுமென்றால்: கழுகுக்குக் காலை 9 முதல் 11. முதலில் காதைக் கொடுங்கள். மேலே சுற்றும்போது நீண்டு ஒலித்து முடிவில் வெட்டும் சீழ்க்கை கேட்கும். பிறகு அடியிலிருந்து பாருங்கள், இறக்கையின் பின் ஓரம் கருப்பு, அதையொட்டி அகலமான வெள்ளைப் பட்டை, வாலிலும் ஒரு வெள்ளைப் பட்டை. தவளைக்கு ஜூன், ஜூலை, இருட்டியபின். மகாராஷ்டிரத்தின் அம்போலி, கர்நாடகத்தின் ஆகும்பே, குடகு, கேரளத்தின் வயநாடு பக்கம் நீர்த்தொட்டி, பழைய கிணறு, குட்டை ஓரச் செடிகள். காப்புக்காட்டில் இரவில் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். கொசுவிரட்டி பூசிய கையால் தொடவே கூடாது, தோல் வழியே உள்ளே போகும். வழியில் கிடக்கும் தவளையை எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையைச் சுத்த நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் செருப்புச் சேற்றைக் கழுவி உலர்த்துங்கள், தவளைத் தோலைத் தாக்கும் பூஞ்சை அப்படித்தான் பயணம் செய்யும். போட்டோவுக்காக நுரைக்கூடு உள்ள கிளையை வளைத்துக் கட்டாதீர்கள். ஒரு அடி நகர்ந்தாலும் கீழே நீர் இல்லை என்றால் அத்தனையும் மண்ணில்.

வால்பாறை, ஆனைமலைப் பக்கம் போகிறவர்கள் பறக்கும் தவளையைப் பார்த்ததும் மலபார் என்று எழுதிவிட வேண்டாம். ஆண்டிப்பாறைச் சோலையிலிருந்து 2000இல் கார்த்திகேயன் வாசுதேவனும் சுஷில் தத்தாவும் விவரித்த இன்னொரு இனம் அங்கே உண்டு, ‘பொய் மலபார்’ என்றே பொருள்படும் பெயரோடு. முதுகின் பச்சையில் கருங்கீற்றுகள் இருக்கின்றனவா, விரித்த சவ்வு செம்மஞ்சளாக இல்லாமல் மஞ்சளாகவோ வெளிர் ஆரஞ்சாகவோ இருக்கிறதா என்று பாருங்கள்.